சிறு வெற்றிக்கு எவ்வளவு வெடி?

நாய்களுக்கான தடையோட்டப் போட்டி நடக்கும் எந்த மைதானத்திலும் ஒரு காட்சியைக் காணலாம். இருபது தடைகள் கொண்ட ஓட்டம். நாய் பத்தொன்பதைச் சரியாகக் கடந்துவிட்டு, ஒன்றில் பின்னங்கால் பட்டுக் கம்பை விழுத்திவிடும். ஐந்து பிழைப்புள்ளி. கோப்பையும் இல்லை, பிழையில்லா ஓட்டம் என்ற பெயரும் இல்லை. கூட ஓடிய பெண்ணோ களத்தை விட்டு வெளியே வந்ததும் வென்றவரைப் போலத் துள்ளுவார், நாயைக் கொஞ்சுவார், பையைத் திறந்து இறைச்சித் துண்டை எடுத்துக் கொடுப்பார். என்ன விசேஷம் என்று விசாரித்தால், வளைகம்பங்களுக்குள் இன்றுதான் முதல் தடவையாகச் சரியான பக்கத்தால் நுழைந்தது என்பார்.

பார்த்து நிற்பவருக்கு இரண்டில் ஓர் எண்ணம் வரும். தோற்றதை மறைக்க ஒரு சாட்டு என்று சிலர் நினைப்பார்கள். இதல்லவா பக்குவம் என்று வேறு சிலர் நெகிழ்வார்கள். அந்த விளையாட்டில் ஊறியவர்கள் இரண்டாவது பக்கத்தில் நிற்கிறார்கள். சிறு வெற்றிகளைக் கொண்டாடு என்பது அவர்களிடம் ஏறத்தாழ வேதவாக்கு. அந்த வாக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று உரசிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இருப்பவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இரண்டு அக்கறை உண்டு. நாயை வைத்து விளையாடுவது இந்த மலைக்குப் புதிதல்ல. அதற்கு நூற்றெழுபது வருடம் தாண்டிய, இரத்தம் தோய்ந்த வரலாறு இருக்கிறது. சிறு வெற்றியைக் கொண்டாடுவதும் நமக்குப் புதிதல்ல. சம்பள அறிவிப்பு வரும்போது வெடி கொளுத்திப் பழகியவர்கள் நாம். எது நின்று பிடிக்கும் வெற்றி, எது வெடிப்புகையோடு கரைந்துபோகும் வெற்றி என்று எடைபோடும் பழக்கம் மலையகத்தவருக்குப் பட்டு அறிந்த பழக்கம்.

மரை விழுந்தால் வெற்றி

இந்த மலைநாட்டு நாய் விளையாட்டின் முதல் பெரிய பெயர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய்ப் புகழ்பெற்ற அதே பேக்கர்தான். 1848 முதல் 1855 வரை அவர் நுவரெலியாவில் குடியிருந்தார். தேயிலை வராத காலம் அது, கோப்பிக் காலம். பண்ணை அமைப்பதற்காக இங்கிலாந்திலிருந்து மாடுகளையும் வேட்டை நாய்களையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அந்த நாய்களின் தொழில் மரை வேட்டை. மோப்ப நாய்கள் காட்டுக்குள் மரையைக் கிளப்பும். கால்வீச்சான நாய்கள் துரத்திப் பிடித்து நிறுத்தும். பேக்கர் கத்தியோடு போய் முடித்துவைப்பார். ஆங்கிலேயர் மரையை எல்க் என்று பிழையாக அழைத்தார்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் எல்க் பிளேன்ஸ் என்ற இடப்பெயர் இன்றும் அந்தப் பிழையின் எச்சமாக நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் விழும் ஒரு நீர்வீழ்ச்சி பேக்கரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

இந்த வேட்டைகளை அவர் 1850களில் நூல்களாகவும் எழுதினார். நாய்களைத் தனித்தனியே பெயர் சொல்லி, எது துணிந்தது, எது தந்திரம் தெரிந்தது என்று எழுதுகிறார். ஆகவே அவருக்கு நாயைப் பார்க்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மெச்சிய நாயொன்றின் பெயரே கில்பக். தமிழில் சொன்னால் மான்கொல்லி. மரையின் கொம்பிலும் காட்டுப்பன்றியின் கோரைப்பல்லிலும் சிறுத்தையின் பிடியிலும் தன் நாய்கள் மாண்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். வருத்தத்தோடுதான் எழுதுகிறார், வருத்தம் அடுத்த நாள் வேட்டையைத் தடுக்கவில்லை.

அந்த விளையாட்டில் சிறு வெற்றி என்ற ஒன்றுக்கு இடமே கிடையாது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மரை விழுந்தது அல்லது தப்பியது. இரண்டுக்கும் நடுவில் எதுவுமில்லை. நாய் நன்றாக மோப்பம் பிடித்தது, நல்ல இடத்தில் மடக்கியது என்பவை எல்லாம் விழுந்த மரையின் கணக்கில் சேர்ந்தால்தான் பெறுமதி. நாயின் முயற்சிக்குத் தனியாக ஒரு விலை இல்லை. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. வேட்டைக்கு அங்கே இன்று இடமில்லை. ஆனால் நாயின் ஓட்டத்தை முடிவை மட்டும் வைத்து அளக்கும் மனப்பாங்கு பேக்கரோடு கப்பலேறிப் போய்விடவில்லை.

இதற்கு இடைநிலை ஒன்றும் உண்டு. கண்டி அஸ்கிரியவில் உள்ள பொலிஸ் நாய்ப் பிரிவை மலைநாட்டார் அறிவார்கள். அங்கேயும் நாய்கள் தடை தாண்டப் பழகுகின்றன. ஆனால் அங்கே தடை ஒரு படிக்கட்டு மட்டும். போதைப்பொருளைக் கண்டுபிடிப்பதும் குற்றவாளியின் தடம் பிடிப்பதும்தான் இறுதி. படிக்கட்டை ஏறியதற்காக மட்டும் எந்த நாயும் சேவைக்குத் தகுதி பெறுவதில்லை. அது சரியும்கூட. உயிர் தங்கியிருக்கும் வேலையில் முக்கால்வாசி சரி என்பது பிழைதான்.

எதிரி இல்லாத ஆட்டம்

தடையோட்டம் இந்த இரண்டிலிருந்தும் விலகிய பிறவி. லண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் 1978இல் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், போட்டிகளுக்கு இடையிலான வெற்று நேரத்தை நிரப்ப ஏதாவது வேண்டும் என்று கேட்கப்பட்டது. குழுவில் இருந்த ஜோன் வார்லி குதிரைத் தாண்டல் போட்டியை மாதிரியாக எடுத்தார். நாய்ப் பயிற்றுநர் பீட்டர் மீன்வெல் தடைகளை அமைத்துக் கொடுத்தார். இடைவேளைக் கேளிக்கை முழு விளையாட்டாக வளர்ந்தது. 1980இல் பிரித்தானிய கென்னல் கிளப் அதை ஏற்றுக்கொண்டது. 1996இல் சுவிட்சர்லாந்தில் உலகச் சம்பியன் போட்டியும் நடந்தது.

விதிகளைக் கொஞ்சம் பார்த்தால்தான் சிறு வெற்றி என்ற பேச்சு எங்கிருந்து முளைத்தது என்று தெரியும். நடுவர் வகுத்த களத்தின் வழி அன்றைக்குத்தான் தெரியவரும். மனிதர் மட்டும் சில நிமிடம் அதில் நடந்து மனப்பாடம் செய்யலாம். நாய் கண்ணால் பார்க்காமலே ஓட வேண்டும். ஓட்டத்தின்போது நாயைத் தொடக்கூடாது. சர்வதேச விதிகளின்படி கையில் தீனியோ விளையாட்டுப் பொருளோ இருக்கக்கூடாது. குரலும் உடலசைவும்தான் கைவசம் உள்ளவை. கம்பு விழுந்தால் ஐந்து பிழை. தடையை மறுத்து விலகினால் ஐந்து. மூன்று தடவை மறுத்தால் வெளியே.

வளைகம்பங்கள் பன்னிரண்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 60 சென்ரிமீற்றர். முதல் கம்பம் நாயின் இடது தோளை உரசும்படிதான் நுழைய வேண்டும். இயற்கையில் எந்த நாயும் இப்படிக் கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடுவதில்லை. அதைப் பழக்க மாதக்கணக்காகும். ஏற்றப் பலகையில் நாய் ஏறி நடக்கும்போது மறுமுனை தாழ்ந்து தரையில் அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்த நாய் பல நாள் அந்தப் பக்கமே போகாது. 1.70 மீற்றர் உயரக் கூடாரச் சரிவிலும் பலகை நடையிலும் இரு முனைகளிலும் வேறு நிறம் தீட்டிய பகுதி இருக்கும்; பெரும்பாலும் மஞ்சள். நாய் இறங்கும்போது அந்த மஞ்சளில் ஒரு காலாவது பதிய வேண்டும். உச்சியிலிருந்து குதித்துத் தோளை உடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த விதி.

இப்படி ஒரு ஓட்டத்துக்குள் இருபது தனித்தனி வித்தைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனியே பழகியது. ஒவ்வொன்றும் தனியே பிழைக்கக்கூடியது. எதிரில் எதிரி இல்லை, விழ வேண்டிய மரை இல்லை. அப்படியிருக்க முடிவுத்தாளில் வரும் ஒற்றை எண் அந்த இருபதில் எது தேறியது, எது தேறவில்லை என்று சொல்லாது. சிறு வெற்றியை எண்ணும் வழக்கம் இரக்கத்தில் பிறந்ததல்ல. ஆட்டத்தின் அமைப்பே அதைக் கேட்கிறது.

ஆதரவான வாதம்

ஆதரவு வாதத்தின் பலமான தூண் கற்றல் பற்றிய அறிவியல். பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் விலங்குகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று பொதுவாசகருக்காக ஒரு கட்டுரை எழுதினார். வேண்டிய செயலை நோக்கி விலங்கு எடுக்கும் ஒவ்வொரு சிறு அடியையும் அந்தக் கணத்திலேயே அடையாளம் காட்டிப் பரிசளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். டொல்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் வெளியிட்ட நூல் அதே முறையை நாய் வளர்ப்பவர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தது. நாய்க்கு முடிவுத்தாள் வாசிக்கத் தெரியாது. காலையில் செய்ததற்கு மாலையில் கொடுக்கும் பாராட்டு அதற்குப் புரியாது. சரியான காலடிக்கும் பரிசுக்கும் இடையில் ஓரிரு வினாடிக்கு மேல் போனால், அது வேறெதற்கோ கிடைத்த பரிசாகிவிடும்.

ஆகவே பயிற்சியில் சிறு வெற்றியைக் கொண்டாடுவது ஒரு தொழில்நுட்பம். அதைச் செய்யாதவர் கடுமையான ஆள் அல்லர். வேலை தெரியாத ஆள். இந்த அளவில் வாதத்தை மறுக்க முடியாது.

இரண்டாவது தூண் மனிதரைப் பற்றியது. தெரேசா அமாபிலியும் ஸ்டீவன் கிரேமரும் 238 அலுவலக ஊழியர்களின் ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் படித்து 2011இல் ஒரு நூல் எழுதினார்கள். வேலை கொஞ்சமாவது முன்னே நகர்ந்த நாள்தான் மனிதருக்கு நல்ல நாள் என்பது அவர்களுடைய முடிவு. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. சிறு வெற்றியைப் பேசுவோர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். ஒரு பின்னடைவு மனதில் பண்ணும் சேதம் ஒரு முன்னேற்றம் தரும் உற்சாகத்தைவிடப் பெரிது. ஏற்றப் பலகையில் ஒருமுறை மிரண்ட நாயைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொண்டாடுவதைவிட, மிரளாமல் பார்த்துக்கொள்வதற்குக் கூடுதல் கவனம் தேவை.

இதை அமைப்புகளும் உணர்ந்திருக்கின்றன. போட்டிக்குரிய ஓட்டம் அல்ல என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, விளையாட்டுப் பொருளோடு களத்தில் இறங்கிப் பயிற்சியாக ஓட இன்று பல நாடுகளில் அனுமதி உண்டு. புள்ளி கிடைக்காது. ஆனால் மிரண்ட நாய்க்கு அந்தப் பலகையிலேயே, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே தைரியம் சொல்ல முடியும். சிறு வெற்றிக்கு விதிப்புத்தகத்தில் கிடைத்த நேர்மையான இடம் இதுதான் என்பேன். என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடுகிறது.

எதிரான வாதம்

எதிர்ப்பாளர் முதலில் சொல்வது, எல்லாருக்கும் கிடைக்கும் பரிசு பரிசே அல்ல என்பது. பிரித்தானியாவில் பிழையில்லாமல் ஓடிய எல்லா நாய்களுக்கும், எத்தனையாவது இடம் என்று பாராமல், நாடாப்பூ கொடுக்கும் வழக்கத்தை இதற்கு உதாரணம் காட்டலாம். நம்மூர் அனுபவத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் பாதிதான் நிற்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்குப் பாடசாலை வாசலில் பதாகை கட்டுவார்கள். எழுபது புள்ளி தாண்டிய பிள்ளை அதற்குக் கீழே நிற்கும். வெட்டுப்புள்ளி மற்றவர் எழுதியதைப் பொறுத்து ஏறும், இறங்கும். எழுபது அப்படியே இருக்கும். முதலாவது வரிசை பற்றிய அளவு, இரண்டாவது கற்றது பற்றிய அளவு. இரண்டையும் குழப்பி, எழுபது வாங்கியதை மலிவு என்பவர் கற்றலையே மலிவாக்குகிறார். பிழையில்லா ஓட்டம் எழுபதைப் போன்றது. ஓடிய எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. ஓடித் தேறியவருக்குத்தான் கிடைக்கிறது. ஆனால் ஓடியதற்கே நாடாப்பூ என்றால் எதிர்ப்பாளர் சொல்வது முழுக்கச் சரி.

இரண்டாவது வாதம் கூர்மையானது: இது யாருடைய கொண்டாட்டம்? தொடக்கத்தில் பார்த்த பெண்ணையே எடுத்துக்கொள்வோம். வளைகம்பம் எட்டாவது தடை என்று வையுங்கள். இறைச்சி கிடைத்தது களத்துக்கு வெளியே, அரை நிமிடம் கழித்து. நாயின் கணக்கில் அந்த இறைச்சி வளைகம்பத்துக்கு உரியதல்ல. வாசலைத் தாண்டி வந்ததற்கு உரியது. மகிழ்ச்சி உண்மை, ஆனால் அது அவருடைய மகிழ்ச்சி. பேக்கர் விழுந்த மரையைத் தன் வெற்றியாக எண்ணியதற்கும் இதற்கும் தூரம் நிறைய உண்டு என்றாலும், நாயின் ஓட்டத்தில் தன் முகத்தைப் பார்க்கும் பழக்கத்தில் இரண்டும் தூரத்துச் சொந்தம்.

மூன்றாவது வாதமே எனக்கு மிகவும் கனமாகப் படுகிறது. பொய்யான சிறு வெற்றி என்று ஒன்று உண்டு. நாய் முன்னெப்போதையும்விட இரண்டு வினாடி குறைவாக ஓடியது என்று கைதட்டுகிறோம். ஏன் குறைந்தது என்று பார்த்தால், மஞ்சளை மிதிக்காமல் உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருந்து பாய்ந்திருக்கிறது. நாயின் தோள்மூட்டைக் காக்கத்தான் மஞ்சள் தீட்டப்பட்டது. அதைத் தவறவிட்ட வேகத்தைக் கொண்டாடுவது, நாயின் எலும்பை அடகு வைத்து வாங்கிய மகிழ்ச்சி. இன்னும் மோசம், அடுத்த ஓட்டத்திலும் நாய் அதையே செய்யும்; பாராட்டப்பட்டதைத் திரும்பச் செய்வதுதான் அதன் படிப்பு. கொண்டாட்டம் தன்னளவில் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. எதைக் கொண்டாடுகிறோமோ அது பெருகும்.

உரைகல்லை வீட்டுக்குள் எடுத்தால்

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். நாயையும் தொழிலாளியையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் கொள்ள வேண்டாம். அந்த அவமதிப்பைத் துரைத்தனம் எப்போதோ செய்து முடித்துவிட்டது. பங்களா நாய்க்கு ஊற்றிய பாலை லயத்துப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்த்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கே ஒப்பிடுவது இரண்டு கொண்டாட்டங்களின் கணக்கு முறையை மட்டும்.

நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை 2015 அளவில் எழுந்தது. 2019 ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று ஒப்பந்தம் வந்தது. 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை ஊடாக ஆயிரம் வர்த்தமானியில் ஏறியது. அதன்பின் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கூடியது என்றும், வேலை நாள் குறைந்தது என்றும் முறைப்பாடுகள் எழுந்தன. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை ஒட்டி நின்றபோது, ஆயிரம் ரூபாய் ஆயிரமாக இருக்கவில்லை. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் என்று ஜனாதிபதியே அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் 1,350இல் வந்து நின்றது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், சம்பளம் 1,550 என்றும் வேலைக்கு வந்ததற்கு அரசின் கொடுப்பனவு 200 என்றும் சொன்னது.

கார்ல் வைக் என்ற அமைப்பியல் அறிஞர் 1984இல் சிறு வெற்றிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிரச்சினையை மலையளவாகவே சொல்லிக்கொண்டிருந்தால் மனிதர் திகைத்துக் கைகட்டி நிற்பார்கள்; அதைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக வெல்ல வேண்டும் என்பது அவர் வாதம். அதோடு ஒரு நிபந்தனையும் வைக்கிறார். சிறு வெற்றி கையில் பிடிக்கக்கூடியதாக, முடிந்ததாக இருக்க வேண்டும். அடுத்த வெற்றிக்கு வழி திறப்பதாகவும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் 2021இன் ஆயிரம் பாதி தேறும். கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பேசி எழுதும் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து சம்பளத்தை எடுத்துச் சட்டப்படியான சபைக்குக் கொண்டுபோனது அது. பின்னால் 1,350 வந்ததும் அந்தக் கதவு வழியாகவே. ஆகவே அது வழி திறந்த வெற்றி. கிலோவைக் கட்டாமல் விட்டதால் அது முடியாத வெற்றியும்கூட. கொட்டகலையில் அறிவித்த 1,700 இரண்டிலும் தேறாது. கைக்கு வராத காசுக்கு நடந்த கொண்டாட்டம் அது.

நாய் பழக்குபவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு படியில் நாய் பலமுறை தேறிய பிறகுதான் அடுத்த படியைக் கொஞ்சமாக உயர்த்துவார். தவறினால் ஒரு படி இறங்கி, மறுபடி வெல்ல விடுவார். தோட்டத்தில் கூலி உயர்ந்த கையோடு கிலோவும் உயர்ந்தது. தவறினால் இறங்கும் படி இல்லை, பேர்தான் பாதியானது. படியை உயர்த்துபவரும் வெற்றியை அறிவிப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும்போது, வெடி கொளுத்துபவருக்குத் தான் எதைக் கொண்டாடுகிறோம் என்று தெரியாமல் போகிறது. தடையோட்டக்காரர்களின் வேதவாக்கில் இல்லாத எச்சரிக்கை இது. அவர்களுக்கு அது தேவைப்பட்டதில்லை. அங்கே தீனியைக் கொடுக்கும் கையும் படியை வைக்கும் கையும் ஒன்று.

தீர்ப்பு

சிறு வெற்றியைக் கொண்டாடுவது சரியா என்ற கேள்வியே கொஞ்சம் பிழையாகக் கேட்கப்பட்டது. எந்தக் கொண்டாட்டமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எது தேறல் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோமா, அல்லது தோற்ற பிறகு தேடிக் கண்டுபிடித்தோமா? உழைத்தவருக்கு, அவருக்குப் புரியும் நாணயத்தில், அந்த நேரத்திலேயே போய்ச் சேர்ந்ததா? நாளைக்கு ஏறி நிற்க ஒரு படி கிடைத்ததா?

தொடக்கத்துப் பெண் முதல் கேள்வியில் தேறுகிறார். வளைகம்ப நுழைவு அவர் நெடுநாளாகப் பழக்கியது. சரியான பக்கம் எது என்பதை விதியே சொல்கிறது. இரண்டாவதில் தவறுகிறார், இறைச்சி பிந்திவிட்டது. மூன்றாவது அவர் கையில்தான் இருக்கிறது. மறுநாள் பயிற்சியில் அதே கோணத்தில் கம்பங்களை நட்டு, முதல் கம்பத்தை நாயின் இடது தோள் உரசிய கணத்தில் தீனி கொடுத்தால் நேற்றைய துள்ளலுக்கு அர்த்தம் வரும். கொடுக்காவிட்டால் அது ஒரு நல்ல மாலைப்பொழுது, அவ்வளவே.

விளையாட்டைப் பொறுத்தவரை என் தீர்ப்பு ஆதரவானது. மரை விழுந்ததா என்று மட்டும் பார்த்த அளவுகோலைவிட, முதல் கம்பம் எந்தத் தோளை உரசியது என்று பார்க்கும் அளவுகோல் நாய்க்கும் நியாயமானது, மனிதருக்கும் நல்லது. ஆனால் குறைகளையும் எழுதியாக வேண்டும். வேகத்தைக் கைதட்டும் கூட்டத்தில் மஞ்சளைக் கைதட்டுபவர் குறைவு. சர்வதேச நாய்ச் சம்மேளனத்தின் உலகச் சம்பியன் போட்டியில் வம்சப் பத்திரம் உள்ள நாய்களுக்குத்தான் இடம். வேறு சில பெரிய போட்டிகள் எல்லா நாய்களுக்கும் கதவைத் திறந்திருக்கின்றன. சிறு வெற்றியைப் போற்றும் ஒரு விளையாட்டு, தன் உச்ச மேடையின் வாசலில் பிறப்புப் பத்திரிகை கேட்பது பொருந்தவில்லை. காகிதம் இல்லாததால் 1948இல் குடியுரிமையின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

லயத்து நாய்க்கு வம்சப் பத்திரம் இல்லை. கான் தாண்டும் கால் இருக்கிறது. கவ்வாத்து மிலாறு நாலைந்தை மண்ணில் நட்டால் வளைகம்பம். இரண்டு கல்லின்மேல் ஒரு குச்சியை வைத்தால் தாண்டல். கருவாட்டுத் துண்டோ ரொட்டித் துண்டோ போதும். முதலில் விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். பதினெட்டு மாதம் ஆகாத நாயைச் சர்வதேசப் போட்டிகளில்கூட இறக்குவதில்லை. ஆகவே குட்டியை உயரம் தாண்ட வைக்காதீர்கள். மழை ஈரத்தில் சரிவு வேண்டாம். இருட்டுமுன் நாயை உள்ளே கட்டிவிடுங்கள். தேயிலை மலைக்குள் சிறுத்தை நடமாடுவது நமக்குத் தெரிந்த கதை. நாய் ஒரு குச்சியைச் சரியாகச் சுற்றினால், அது அடுத்த குச்சியைப் பார்ப்பதற்குள் துண்டைக் கொடுத்துவிடுங்கள்.

நாய்க்குக் கொண்டாட்டம் பிந்தக்கூடாது. நமக்குக் கொண்டாட்டம் முந்தக்கூடாது. அடுத்த சம்பள அறிவிப்பு வரும்போது, வெடிக்கு முன் கிலோவைக் கேளுங்கள்.